அம்மாவின் கணினியில் லினக்ஸ்: முதலில் தமிழைத் தட்டிப் பாருங்கள்

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல் செயலி ஆகிய இரண்டும் கோலாலம்பூர் செந்தூலில் உள்ள எங்கள் வீட்டு மேசைக்கணினியில் இல்லை. ஆனால், தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா நாள்தோறும் கட்டுரை எழுதும் கணினி அது. எட்டு ஜிபி ரேமுடன் நன்றாகவே ஓடுகிறது. அதைக் கழித்துக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவ முடிவு செய்தேன். உபுண்டு 24.04 என்னும் மற்றொரு லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட அதற்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் உண்டு.

கோப்புகளை வெளி வன்தட்டில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை எல்லாரும் சொல்வார்கள். நான் வலியுறுத்துவது வேறொன்று. நிறுவுவதற்கு முன்பே மின்ட்டைப் பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் எதுவும் மாறாது. வைஃபையும் பிரிண்டரும் இயங்குகின்றனவா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், வீட்டில் தமிழ் எழுதுபவரை உட்காரவைத்து ஒரு பத்தி தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

அம்மா பழகியது தமிழ் 99 விசைப்பலகை. அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முதல் எழுத்து தானாகவே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் ‘ந்த’ ஆகும். மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழ் 99 என்ற பெயரிலேயே ஒரு தளவமைப்பு இருக்கிறது. ஆனால் ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது, முன் எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்காது. பல ஆண்டுப் பழக்கம் உள்ள விரல்களுக்கு அது பெரும் தடை. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளையும் பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய அதன் எம்17என் பொதியையும் நிறுவி, அதிலுள்ள தமிழ் 99ஐத் தேர்ந்தெடுத்தால்தான் இந்த விதிகள் எல்லாம் செயல்படும். இணைய இணைப்பு இருந்தால் பென்டிரைவில் ஓடும்போதே இதையும் சோதித்துவிடலாம். கணினியை மீண்டும் தொடங்கினால் அந்த நிறுவல் மறைந்துவிடும் என்பதால் பயமில்லை.

வருமான வரிக் கணக்கும் வங்கி வேலையும் உலாவியில் நடப்பவை என்பதால் அவற்றில் சிக்கல் எழவில்லை. பழைய கட்டுரைகள் மின்ட்டில் உள்ள லிப்ரெஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில் திறக்கின்றன. மைக்ரோசாப்டின் லதா எழுத்துரு இங்கே இல்லாததால், வேறு எழுத்துருவில் வரிகள் இடம் மாறிப் பக்க எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்யும். லிப்ரெஆபிஸின் எழுத்துரு மாற்று அட்டவணையில் லதாவுக்குப் பதிலாக நோட்டோ சான்ஸ் தமிழைக் குறித்துவைத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே தோற்றத்தில் திறக்கும். பக்க அமைப்பு மாறவே கூடாத கோப்புகளை மட்டும் விண்டோஸ் இருக்கும்போதே பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள்.