மாடியில் 23 ரோஜாத் தொட்டிகள்: வகை பிரித்துப் பார்த்த அனுபவம்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 23 தொட்டிகளில் ரோஜா வளர்கிறது. சென்ற ஆண்டு அக்டோபர் வரை அவற்றை நிறத்தைக் கொண்டே அடையாளம் வைத்திருந்தேன். குறிப்பேட்டைத் திறந்தால் ‘மேற்கு மூலைச் சிவப்பு’, ‘துணிக்கொடி அருகே மஞ்சள்’ என்றுதான் இருக்கும். நர்சரியில் நாமும் நிறம் சொல்லிக் கேட்கிறோம், அவர்களும் நிறம் சொல்லியே எடுத்துத் தருகிறார்கள் என்பதால் அதில் குறை எதுவும் தெரியவில்லை. அந்த அக்டோபரில் எல்லாச் செடிகளையும் ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரே மாதிரி கவாத்து செய்துவிட்டு, ஒரு வெள்ளை ரோஜாவிடமிருந்து அடுத்த மார்ச் வரை ஒரு மொட்டுகூடக் காணாமல் நின்றபோதுதான், வகை தெரியாமல் கத்தரியைக் கையில் எடுக்கக் கூடாது என்று புரிந்தது.

அந்த வெள்ளை ரோஜா கொடிவகை, அதாவது கிளைம்பர். ஜெர்மனியின் கோர்டெஸ் நிறுவனம் 1958-இல் வெளியிட்ட ஐஸ்பர்க் என்னும் புதர்ச்செடியின் கொடி வடிவம் அது என்று பின்னர் அடையாளம் கண்டேன். அதே நாளில் வெட்டிய, தண்டுக்கு ஒரு பெரிய பூவாகத் தரும் ஹைப்ரிட் டீ வகைச் செடிகளோ நாற்பத்தைந்து, ஐம்பது நாள்களில் பூத்துவிட்டன. ஹைப்ரிட் டீயில் புதிதாகக் கிளம்பும் குருத்தின் நுனியிலேயே மொட்டு அமைகிறது. ஆகவே தாழ வெட்டினால் தடித்த குருத்தும் பெரிய பூவும் கிடைக்கின்றன. கொடிவகையில் முந்தைய ஆண்டு வளர்ந்து முற்றிய நீளக் கொப்பின் பக்கக் கணுக்களிலிருந்து வரும் சிறு கிளைகளில்தான் பூ பெரும்பாலும் வருகிறது. நான் அந்தக் கொப்புகளையே குப்பைக்கு அனுப்பியிருந்தேன்.

மார்ச்சுக்குப் பின் அந்தச் செடியைத் தொடாமல் விட்டேன். ஜூனில் ஆறடிக்கு மேல் மூன்று கொப்புகள் நிமிர்ந்து நின்றன. அவற்றில் இரண்டை, ஒடிந்துவிடாதபடி நாலைந்து நாள்களில் சிறிது சிறிதாக வளைத்து, பழைய வேட்டிக் கிழிசலால் கைப்பிடிச் சுவரின் கம்பியோடு படுக்கைவாட்டில் கட்டினேன். மூன்றாவதை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நிமிர்ந்தபடியே விட்டேன். ஆகஸ்டில் கிடைத்த விடை தெளிவாக இருந்தது. நிமிர்ந்த கொப்பில் உச்சியில் இருந்த இரண்டு கணுக்கள் மட்டுமே துளிர்த்தன. படுத்த கொப்புகள் ஒன்றில் பதினொரு கணுவும் மற்றொன்றில் ஒன்பது கணுவும் சாண் நீளத்துக்குக் கிளைவிட்டு, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் கொத்தாகப் பூத்தன. நிமிர்ந்த கொப்பின் நுனி தனக்குக் கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. கொப்பைப் படுக்க வைத்தால் அந்த அடக்குமுறை தளர்ந்துவிடுகிறது. பள்ளியில் நுனி ஆதிக்கம் என்று மனப்பாடம் செய்த பாடம், முப்பது ஆண்டு கழித்து வேட்டிக் கிழிசலில் விளங்கியது.

அதன் பிறகு எல்லாச் செடிகளையும் பூவின் நிறத்தை மறந்து கிளையையும் மொட்டையும் கொண்டு பிரிக்கத் தொடங்கினேன். ஒரு தண்டுக்கு ஒரு பெரிய பூ, நீண்ட கூர்மொட்டு என்றால் ஹைப்ரிட் டீ. பிரான்சின் லியோன் நகரத்து ரோஜா வளர்ப்பாளர் கியோ 1867-இல் வெளியிட்ட ‘லா ஃபிரான்ஸ்’ இவ்வகையின் முதல் ரோஜாவாக எண்ணப்படுகிறது. ஒரு தண்டில் கொத்தாகப் பூத்தால் ஃப்ளோரிபண்டா. டென்மார்க்கின் பௌல்சென் குடும்பத்தினர், சிறு பூக்களைக் கொத்தாகப் பூக்கும் பாலியான்தா ரோஜாக்களையும் ஹைப்ரிட் டீயையும் கலந்து உருவாக்கியது இது. ஃப்ளோரிபண்டாவில் கொத்தின் நடு மொட்டு முந்திக்கொண்டு மலர்ந்து, மற்றவை மலரும் வேளையில் வாடி நிற்கும். நடு மொட்டைப் பட்டாணி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் மற்றவை ஏறக்குறைய ஒன்றாக மலர்கின்றன. ஹைப்ரிட் டீயில் இதற்கு நேர்மாறாக, பக்க மொட்டுகளைக் கிள்ளி நடு மொட்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் கிராண்டிஃப்ளோரா என்று ஒரு வகையை 1954-இல் ‘குயீன் எலிசபெத்’ ரோஜாவுக்காக அமெரிக்கர்கள் ஏற்படுத்தினார்கள். என் குறிப்பேட்டில் அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கவில்லை.

பட்டன் ரோஜாக்களில்தான் அதிக நேரம் செலவாயிற்று. என்னிடம் இருந்த மூன்றும் சிறு பூ என்பதால் ஒன்றே என்று எண்ணியிருந்தேன். ஒன்றில் இலை, முள், தண்டு எல்லாமே சிறுத்திருந்தன; அது மினியேச்சர். மற்ற இரண்டில் பூ மட்டுமே சிறிது, இலை ஓரளவு பெரிது. இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் இருக்கும் இலையடிச் செதிலைக் கைக்கண்ணாடியால் பார்த்தபோது, அதன் ஓரம் சீப்புப் பல்போல் கிழிந்திருந்தது. இது ரோசா மல்டிஃப்ளோரா என்னும் ஆசியக் காட்டு ரோஜாவின் அடையாளம். பாலியான்தா வகை அதன் வழிவந்தது.

இந்தச் சீப்பு ஓரத்தை அறிந்த மறுநாளே வேறொரு தொட்டியின் குட்டு வெளிப்பட்டது. மஞ்சள் ஹைப்ரிட் டீ ஒன்று திடீரென்று வெளிர்பச்சையில் முள் குறைந்த கொப்பாக ஐந்தடி உயர்ந்ததைக் கண்டு, நான் இட்ட மண்புழு உரத்தின் மகிமை என்று வீட்டில் பெருமை பேசியிருந்தேன். குனிந்து பார்த்தால் அதன் இலையடிச் செதிலிலும் அதே சீப்பு. மண்ணைக் கிளறிப் பார்க்க, மொட்டு ஒட்டுக் கட்டிய முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து, அதாவது மஞ்சள் ரோஜாவை ஒட்டவைத்திருந்த அடிச்செடியிலிருந்து, அந்தக் கொப்பு கிளம்பியிருந்தது. மேலே மஞ்சள் ரோஜா முக்கால்வாசி காய்ந்துவிட்டது. ஏழு இலைக்கூறு இருந்தால் வேர்ச்செடி, ஐந்து இருந்தால் ஒட்டு என்று பலர் சொல்லும் கணக்கு இங்கே உதவவில்லை, ஏனெனில் ஏழு கூறுள்ள நல்ல ரோஜாக்களும் உண்டு. கொப்பு எங்கிருந்து புறப்படுகிறது என்று தோண்டிப் பார்ப்பதே உறுதியான வழி. வெட்டினால் மீண்டும் துளிர்க்கும் என்பதால், அதை வேரோடு ஒட்டிய இடத்திலேயே கையால் பிய்த்தெடுத்தேன். மஞ்சள் பிழைத்தது; இன்னும் தேறவில்லை.

பழைய நாட்டு ரோஜாக்கள் என்று நாம் சொல்பவை தனிக்கதை. மாலைக்குச் செல்லும் எட்வர்டு ரோஜா ஏதோ ஆங்கிலேய அரசரின் பெயரைத் தாங்கியது என்று நினைத்திருந்தேன். அது ‘ரோஸ் எதுவார்’ என்னும் பிரெஞ்சுப் பெயரின் திரிபு. பூர்பன் வகையைச் சேர்ந்தது. பூர்பன் என்பது ரீயூனியன் தீவின் பழைய பெயர்; நம்மவர்கள் பிற்பாடு கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்ற அதே தீவு. அங்கே சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் இயல்பாகக் கலந்து இவ்வகை தோன்றியது. எட்வர்டு ஆண்டு முழுவதும் பூப்பதற்குச் சீனப் பக்கமும், மணப்பதற்கு டமாஸ்க் பக்கமும் காரணம் என்று அறிந்தபின் அந்தத் தொட்டியின் மீது மதிப்புக் கூடிவிட்டது. பன்னீர் ரோஜா என்ற பெயரிலோ நர்சரிக்கு நர்சரி வேறு செடி தருகிறார்கள். என்னுடையது ஆண்டில் ஏழெட்டு மாதம் பூக்கிறது; ஆகவே கோடையில் ஒருமுறை மட்டும் பூக்கும் டமாஸ்க்காக அது இருக்க முடியாது. காலையில் பறித்த பூவை அம்மா பூசைக்கு எடுத்து வைத்தால், உச்சிவேளைக்குள் இதழ் கொட்டி, சாமி படத்தின் முன் காம்பு மட்டும் கிடக்கும்.

செப்டம்பரில் ஊட்டி சென்றபோது, எல்க் மலைச் சரிவில் 1995-இல் அமைக்கப்பட்ட ரோஜாப் பூங்காவில் அரை நாள் நின்றேன். என் வீட்டில் உள்ள அதே சிவப்பு ஹைப்ரிட் டீ அங்கே உள்ளங்கை அளவுக்கு, இதழ் அடர்ந்து நின்றது. எங்கள் மாடியில் ஏப்ரல் வெயிலில் அது பாதி அளவுக்குச் சுருங்கி, இதழ் குறைந்து, நான்கு மணி நேரத்தில் வாய் பிளந்துவிடுகிறது. பூவின் அளவை வைத்து வகை பிரிக்க முயன்ற என் பழைய பக்கங்களை அன்றிரவே அடித்துவிட்டேன்.

இந்த அக்டோபரில் ஹைப்ரிட் டீ ஒன்பதையும் பாதிக்குக் கீழே வெட்டினேன். ஃப்ளோரிபண்டாக்களில் மூன்றில் ஒரு பங்கு, எட்வர்டில் காய்ந்த கொப்பும் உள்நோக்கி வளர்ந்தவையும் மட்டும். கொடியில் கத்தரி படவில்லை. நிமிர்ந்து நின்ற அந்த மூன்றாவது கொப்பையும் படுக்க வைத்துக் கட்டியிருக்கிறேன். படிக்கட்டை ஒட்டிய இளஞ்சிவப்பு மட்டும் எந்தப் பக்கத்திலும் அடங்காமல் நிற்கிறது. கொத்தாகப் பூக்கிறது, மொட்டு கூராக இருக்கிறது, செதிலில் சீப்பு லேசாகத் தெரிகிறது. அதன் ஒரு கொப்பை வெட்டியும் மற்றொன்றை விட்டும் வைத்திருக்கிறேன்.