ஸ்டாரா, டெல்டாவா?

நம் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி சங்கத்திலிருந்து மூன்று முறை போன் வந்துவிட்டது. ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எப்படியும் நான்கு பேர் எழுதுவார்கள். நான் நம் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேப் தரையில் சாக்பீஸால் போட்ட வட்டங்களைப் பற்றி எழுதுகிறேன்.

1998. எலக்ட்ரிகல் கடைசி வருஷம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டிய அந்த அறையில்தான் ஏ.சி. ஓடும் என்பதால் சி (C) என்ற கம்ப்யூட்டர் மொழிப் பாடத்துக்கு மட்டும் வருகை குறைந்ததே இல்லை. டர்போ சியின் நீலத் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் இரண்டு பேர். சார் ஆளுக்கொரு கணக்கு கொடுத்தார். எனக்கு வந்தது, மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வேலை செய்வதைத் திரையில் காட்டுவது. டெல்டாக்காரனுக்கு டெல்டா என்று பையன்கள் சிரித்தார்கள்.

எனக்கு அது வீட்டுச் சாமான். காவிரி டெல்டாவில், பாபநாசம் பக்கத்தில் எங்கள் வயலில் ஃபில்டர் பாயின்ட் என்கிற ஆழம் குறைந்த குழாய்க் கிணறு, அதற்கு ஒரு ஏழரை ஹெச்.பி. மோட்டார். ஏழரை என்ற பெயருக்கேற்ப எங்களைப் படுத்தியிருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே குறுவைக்கு நாற்று விட்டது அதை நம்பித்தான்.

சிவில் நண்பர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மும்முனை மோட்டாரை நேரடியாக டெல்டாவில் போட்டால், கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும். அதனால் முதலில் ஸ்டார் இணைப்பு. 415 வோல்ட்டுக்குப் பதில் மோட்டாரின் ஒவ்வொரு கம்பிச் சுற்றுக்கும் 240 வோல்ட்தான் கிடைக்கும். லைனில் இழுக்கும் கரன்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வேகம் பிடித்ததும் டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். இந்த இணைப்புகளைப் போடும் கான்டாக்டர் என்ற ஸ்விட்சுகள் இரண்டும் ஒரே நேரத்தில் சேர்ந்துவிட்டால் மூன்று ஃபேஸும் ஒன்றோடொன்று முட்டி ஷார்ட் ஆகிவிடும்.

நான் எழுதிய புரோகிராமில் நான்கு மாறிகள் (வேரியபிள்): கரன்ட், ஸ்டார், டெல்டா, ஓவர்லோடில் மோட்டார் தானாக நின்றுவிடும் ட்ரிப். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. ஸ்டாரைப் போட்டதும் 'டிலே' என்று 8000 மில்லி செகண்ட் காத்திருந்து டெல்டாவுக்குப் போகும். அடுக்கடுக்காக 'இப்படியானால், இல்லாவிட்டால்' என்னும் இஃப், எல்ஸ். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. பெருமையோடு சாரைக் கூப்பிட்டேன்.

சார் உட்காரக்கூட இல்லை. திரையில் ஸ்டார் எரியும்போதே கீபோர்டில் கரன்ட் போவதற்கான சாவியைத் தட்டினார். எட்டு செகண்டும் புரோகிராம் செவிடாக இருந்தது. அப்புறம் டெல்டா எரிந்தது, அதற்குப் பிறகுதான் கரன்ட் 0 ஆனது. டெல்டாவை அணைக்க நான் எழுதவே இல்லை.

“கரன்ட் இல்லாம மோட்டார் ஓட்டறியே, கவர்மென்ட் உன்னைத்தான்டா தேடுது” என்றபடி கரன்ட் வரும் சாவியைத் தட்டினார். திரையில் ஸ்டாரும் டெல்டாவும் ஒன்றாகப் பல்லிளித்தன.

“போச்சு. ஊரே இருட்டு.”

நான் இன்னொரு இஃப் சேர்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். “நாலு மாறி, 16 விதமா சேரும். அதுல எத்தனை உனக்கு வேணும்? மிச்சத்தையெல்லாம் இஃப் போட்டே தடுக்கப் போறியா? உங்க மோட்டார் கொட்டகைல என்ன ஸ்டார்ட்டர்?”

“ஆயில் ஸ்டார்ட்டர் சார். கைப்பிடி வச்சது.”

“அந்தக் கைப்பிடி ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல நிக்குமா?”

நிற்காது. மேலே தள்ளினால் ஸ்டார். உறுமல் சத்தம் மாறுகிற வரை பிடித்திருந்து, வெடுக்கென்று இழுத்தால் டெல்டா. கரன்ட் போனால் டக்கென்று தானாகப் பழைய இடத்துக்கு விழுந்துவிடும். நேராக டெல்டாவுக்கு இழுக்கலாம் என்றால் அது இடம் கொடுக்காது. பத்து வயதிலிருந்து பார்த்த சங்கதி. எழுத உட்கார்ந்தபோது ஏனோ ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்போதுதான் சார் சாக்பீஸை எடுத்துத் தரையில் நான்கு வட்டம் போட்டார்: நிறுத்தம், ஸ்டார், டெல்டா, ட்ரிப். வட்டத்துக்கு வட்டம் அம்பு. “தேர் நிலைக்கு வந்துச்சுன்னு சொல்றோமே, அந்த நிலைதான் இது. நீதான் மோட்டார். ஏறி நில்லு.” அவர் குரல் கொடுக்க, நான் அம்பு இருக்கும் பக்கம் மட்டும் தாவ வேண்டும். “கரன்ட் வந்தாச்சு!” ஸ்டார். “கரன்ட் போச்சு!” திரும்ப நிறுத்தம். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களும் கத்த ஆரம்பித்தார்கள். பாண்டியாட்டம் மாதிரி ஆகிவிட்டது.

நடுவில் நான் நிறுத்தி, “சார், இன்னொரு வட்டம் வேணும்” என்றேன். எங்கள் கொட்டகையில் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பல்பு தொங்கும். ராத்திரி மூன்றும் எரிந்த பிறகும் அப்பா உடனே கைப்பிடியைத் தொடமாட்டார். “இருடா, கரன்ட் நிதானத்துக்கு வரட்டும்” என்று ஒரு வெற்றிலை போட்டு முடிப்பார். வந்த வேகத்தில் போய்விடுகிற கரன்ட்டுக்கு மோட்டாரைப் பலி கொடுக்க அவர் தயாராக இல்லை. சார் ஒரு நிமிஷம் யோசித்து, நிறுத்தத்துக்கும் ஸ்டாருக்கும் நடுவில் ஐந்தாவது வட்டம் போட்டு 'காத்திருப்பு' என்று எழுதினார்.

பிறகு ஒரு தாளில் கட்டம் போடச் சொன்னார். இடப்பக்கம் ஐந்து நிலை. மேலே ஐந்து நிகழ்ச்சி: கரன்ட் வந்தது, போனது, நேரம் முடிந்தது, ஓவர்லோட், ரீசெட். மொத்தம் 25 கட்டம். நான் ஒன்பதை நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன். ட்ரிப் வரிசையில் 'கரன்ட் வந்தது' கட்டத்தில் விரலை வைத்தார். “ஓவர்லோட்ல ட்ரிப் ஆன மோட்டார், கரன்ட் போய் வந்ததும் தானா ஓடலாமா?” ஓடக்கூடாது. ஆள் வந்து பார்த்து ரீசெட் அழுத்தும்வரை அதே இடத்தில் நிற்க வேண்டும். அதை எழுதினேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்றாலும் 'அப்படியே இரு' என்று எழுது, காலியாக விடாதே என்றார். மீதிக் கட்டங்களை நிரப்பவே ஒரு சாயங்காலம் ஆனது.

புரோகிராம் அரை மணி நேரத்தில் முடிந்தது. நான்கு மாறிகள் போய், நிலை என்று ஒரே மாறி. அதற்கான பெயர்களைச் சியில் 'ஈனம்' (enum) என்று அறிவிக்க வேண்டும். அந்தச் சொல்லுக்கு லேப் முழுக்கச் சிரித்தது. சியின் 'ஸ்விட்ச்' கட்டளைக்குள் நிலைக்கு ஒரு 'கேஸ்', அதாவது ஒரு பகுதி. 'டிலே' கிடையாது. ஸ்டாருக்குள் நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சாவி தட்டினார்களா, எட்டு செகண்ட் ஆனதா என்று பார்த்தால் போதும். இதிலும் ஒரு கூத்து. காத்திருப்பு கேஸின் முடிவில் 'பிரேக்' போட மறந்தேன். பிரேக் இல்லாவிட்டால் சி அப்படியே அடுத்த கேஸுக்குள் வழுக்கிப் போகும். மோட்டார் வெற்றிலை போடாமல் கிளம்பியது.

இதற்கெல்லாம் ஸ்டேட் மெஷின் என்று பெயர் இருப்பதையும், மீலி என்பவர் 1955-லும் மூர் என்பவர் 1956-லும் இதை எழுதிவைத்ததையும் சார் கடைசி வகுப்பில்தான் சொன்னார். முதலிலேயே சொல்லியிருந்தால் மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டியிருப்பேன்.

இப்போது சிங்கப்பூரில் அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் பேனல்களுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். மொழி மாறிவிட்டது, கேஸ் மாறவில்லை. புதிதாகச் சேரும் பையன்கள் என் பழைய 0, 1 மாறிகளைப் போலப் பத்துப் பன்னிரண்டு ஃபிளாக் வைத்து எழுதிக்கொண்டு வருவார்கள். இங்கே தரையெல்லாம் கார்பெட், சாக்பீஸ் போட முடியாது. ஒயிட்போர்டில் வரைகிறேன்.

அப்பாவுக்கு இப்போது செல்போனில் ஓட்டும் ஸ்டார்ட்டர். வீட்டுத் திண்ணையிலிருந்தே ஓட்டலாம். கரன்ட் வந்த தகவல் வந்ததும் வெற்றிலைப் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறார் என்று அம்மா சொல்கிறாள்.

அந்த 25 கட்டத் தாளை, சாரின் சிவப்பு மைத் திருத்தங்களோடு, ரெக்கார்டு எழுத என்னிடமிருந்து யாரோ வாங்கிப் போனீர்கள். யார் என்று மறந்துவிட்டது. வீட்டில் கிடந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.