அண்ணனுக்கு ஒரு மோட்ச விளக்கு

அம்மா போவதற்கு முன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அவன் பேர் இருக்கிற ஊர்ல, சிவன் கோயில்ல ஒரு மோட்ச விளக்கு ஏத்திடு."

அண்ணன் மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய். 1987-இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவன், அந்த ஐப்பசியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். வயது 22. வீட்டுக்கு வந்தது அவனுடைய தகரப் பெட்டி மட்டும். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைத்ததில்லை.

கொழும்பில் இறங்கியதும் முதலில் பத்தரமுல்லை. பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் அமைதிப்படை நினைவிடம். கிட்டத்தட்ட 1,200 பேர் பெயர்கள். தேடிக் கண்டுபிடித்துத் தொட்டேன். முழுப்பெயராகப் பார்க்க யாரோ வேற்று ஆள் மாதிரி இருந்தது. அழுகை வரவில்லை.

மறுநாள் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர், சிவன் கோயில். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்துக் கிளம்பியது என் தப்பு. பக்கத்து அந்தோனியார் கோயிலுக்கு அன்றைக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள், தெரு நகரவே இல்லை. த்ரீவீல்காரர் பேசிய காசுக்கு மேல் கேட்டுச் சண்டை போட்டார். வாசலில் அர்ச்சனைத் தட்டைக் கையில் திணித்த பிறகுதான் விலை சொல்கிறார்கள். கடல் தாண்டி வந்தாலும் இது மட்டும் நம்ம ஊர்தான்!

உள்ளே போனதும் கருங்கல்லின் குளிர்ச்சி. இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் 1907-இல் தொடங்கி 1912 வரை கல்லாலேயே எழுப்பிய கோயில். தூண்களைப் பார்த்தால் தஞ்சாவூர்ப் பக்கம் நிற்கிற மாதிரியே இருந்தது.

"ஆருக்கம்மா விளக்கு?" என்றார் குருக்கள்.

வாயில் வந்தது சுவரில் தொட்ட பேர் இல்லை. அம்மா சோற்றுக்குக் கூப்பிடும் செல்லப் பேர். சொன்னதுதான் தெரியும், சிவகாமி சன்னதி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் அந்த அம்பாளை என்னவெல்லாம் திட்டியிருப்பேன்! எதுவுமே நினைவுக்கு வரவில்லை. திரை விலகித் தீபாராதனை காட்டியபோது அவள் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை, எல்லாம் தண்ணீர்.

பக்கத்தில் ஒரு வயதான அம்மா தோளைத் தொட்டு, "ஆர் பிள்ளை?" என்றார். சொன்னேன்.

"இந்தியன் ஆமியோ?"

கையை எடுத்துவிட்டார். நான் நிமிரவே இல்லை. வெகுநேரம் கழித்து, "என்ர தம்பியும் அந்த ஐப்பசிதான். ஷெல்" என்றார். யாருடைய ஷெல் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எழுந்து போய் இன்னொரு விளக்குக்குக் காசு கட்டினேன். "வேண்டாம் பிள்ளை" என்றார். குருக்கள் வந்து நின்றதும், மெல்லத் தம்பி பேரைச் சொன்னார். காற்றில் என் அண்ணன் விளக்கு படபடத்தபோது சேலைத் தலைப்பால் மறைத்ததும் அவர்தான்.

ஐயா பொன்னம்பலவாணா, தாயே சிவகாமி. சென்னை விமானத்தில் ஏறி உட்காரும் வரை வேறெதுவும் என் வாயில் வரவில்லை.