வீட்டில் அவர் போகாமல் விட்ட இடம் எது?

பெரியவர் ஒருவருக்குப் பேச்சு குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் மருத்துவரிடம் கூட்டிப்போகிறார்கள். வீட்டைத்தான் யாரும் பார்ப்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: கடந்த ஓராண்டில் வீட்டில் அவர் போகாமல் விட்ட இடம் எது? மாடியா, பால்கனியா, சமையலறையா? விட்டுப்போன இடத்துக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கும். பெரும்பாலும் அது ஒரு படியாகவோ, பல்பாகவோ, வழுக்கும் டைல்ஸாகவோ இருக்கும்.

முதுமையியலில் பவல் லாட்டன், லூசில் நஹெமோ என்ற இரு ஆய்வாளர்கள் 1973-ல் சொன்னது இன்றும் அடிப்படைப் பாடம். உடல், மனத் திறன் குறையக் குறைய, சுற்றுப்புறம் தரும் அழுத்தம் ஆளைக் கூடுதலாகப் பாதிக்கும். நாற்பது வயதில் கண்ணிலேயே படாத வாசற்படி எண்பதில் அன்றைய நாளையே தீர்மானிக்கும். இதில் நல்ல செய்தியும் உண்டு: அதே காரணத்தால்தான் சின்னத் திருத்தமும் பெரிய பலன் தருகிறது.

அதிகம் கெடுப்பது ராத்திரி பாத்ரூம் போகும் வழி. இருட்டில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்ததும், பெரியவர்கள் அதை வெளியில் சொல்லாமல் சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அதனால் மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அடக்கிக்கொண்டு படுப்பதால் கெடும் தூக்கம். தூக்கம் கெட்டால் மறுநாள் எரிச்சல், அழுகை, "எனக்கு எதுவும் வேண்டாம்". நீர்ச்சத்துக் குறைவும் தொற்றும் சேர்ந்தால் திடீர்க் குழப்பம்கூட வரும். அதை மறதி நோய் என்று நினைத்துவிடக் கூடாது. ஓரிரு நாளில் ஆள் மாறிப்போனால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரிசெய்ய, அந்த வழியில் ராத்திரி நீங்களே விளக்கில்லாமல் மெல்ல ஒருமுறை நடந்து பாருங்கள். பகலில் அவர் நடக்கும்போது கை எங்கே போகிறது என்றும் கவனியுங்கள்: நாற்காலி முதுகு, வாஷ்பேசின் விளிம்பு, டவல் கம்பி. சுவரில் கைபட்டு அழுக்கேறிய தடம் எங்கே இருக்கிறதோ, கைப்பிடிக் கம்பி அங்கேதான் வேண்டும். உயரம் தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ., கம்பியின் தடிமன் 3 முதல் 4 செ.மீ., சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி சுமார் 4 செ.மீ. இடைவெளி அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். கம்பி 110 கிலோவையாவது தாங்க வேண்டும். அதற்குச் சுவரைத் துளைத்து, உள்ளே இறுகப் பிடித்துக்கொள்ளும் ஆங்கர் போல்ட் போட்டே ஆகவேண்டும். ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் கம்பியை நம்பாதீர்கள். டைல்ஸ் இணைப்பு வழியே காற்று புகுந்து, பிடிக்கும் நேரம் பார்த்துக் கழன்றுவரும். டாய்லெட் இருக்கை 43 முதல் 48 செ.மீ. உயரம் இருந்தால் எழுவது எளிது. வழிவிளக்கு முழங்காலுக்குக் கீழே, மஞ்சள் நிறத்தில், ஆள் நடமாட்டத்தில் தானே எரிவதாக இருக்கட்டும். தலைக்கு மேல் எரியும் வெள்ளை விளக்கு கண்ணைக் கூசவைத்துத் தூக்கத்தையும் கலைத்துவிடும்.

பகல் வெளிச்சம் அடுத்தது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நமக்குப் போதுமான அறை அவர்களுக்கு அந்திநேரம். தூக்கத்தையும் விழிப்பையும் நேரத்துக்கு நடத்தும் உடல் கடிகாரத்துக்கும் பகலில் பலமான வெளிச்சம் தேவை. நெதர்லாந்தின் முதியோர் இல்லங்களில் பகல் முழுக்க சுமார் 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளி தந்து செய்த ஆய்வு 2008-ல் வெளிவந்தது. மறதி நோய் உள்ளவர்கள்தான் அதில் பெரும்பாலோர். அந்த ஒளி கிடைத்தவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள், கிடைக்காதவர்களைவிட 19 சதவீதம் குறைவாக இருந்தன. வீட்டில் செய்ய வேண்டியது எளிது: அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். தெருவோ முற்றமோ கண்ணில் படும் ஜன்னலாக இருந்தால் இன்னும் நல்லது. மனித நடமாட்டம் தெரிவதே ஒரு துணை.

சத்தத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. காது மந்தமானவருக்கு எதிரொலிக்கும் அறையில் டிவியும் ஃபேனும் ஓட, நாலு பேர் பேசினால் எதுவும் பிடிபடாது. கேட்டுக் கேட்டு அலுத்து, தனியே போய்ப் படுத்துவிடுவார்; நாம் அதைக் கோபம் என்போம். கனத்த திரைச்சீலை, துணி உறையிட்ட சோபா, பேசும்போது அணைத்த டிவி போதும்.

இத்தனையும் செய்து, அவரிடம் கேட்காமல் செய்தால் பாதி பலன் போய்விடும். பிள்ளைகள் நல்லெண்ணத்தில் செய்யும் தவறு இதுதான்: ஒரே நாளில் அறையைக் காலிசெய்து, "பாதுகாப்பா ஆக்கிட்டோம்" என்பார்கள். மறுநாள் கண்ணாடி எங்கே, மாத்திரை எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் அவர் ஆள் கூப்பிட வேண்டியிருக்கும். சொந்த வீட்டில் விருந்தாளி ஆவது மனத்தைச் சட்டென்று சுருக்கும். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும். எதை முதலில் மாற்றுவது என்பதை அவரே சொல்லட்டும்.

வீடே மாற வேண்டியிருந்தால், பழைய கட்டில், பழைய நாற்காலி, பழைய கடிகாரம் மூன்றும் அவருக்கு முன்பே போய்ச் சேரட்டும். முன்பு கட்டிலின் எந்தப் பக்கமாக இறங்குவாரோ, புது அறையிலும் அதே பக்கம் இறங்கும்படி போடுங்கள். பாத்ரூம் கதவு படுத்தபடியே தெரியவேண்டும். முதல் சில வாரம் தடுமாற்றம் இருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், பேச்சு எல்லாம் சேர்ந்து குறைந்தாலோ, வாழ்ந்தது போதும் என்று சொல்ல ஆரம்பித்தாலோ, நாற்காலியை நகர்த்திக்கொண்டிருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.