ஏலகிரியில் ஒரு கடை

முட்டி இன்னும் மடங்க மாட்டேன் என்கிறது. ஆபீஸில் கேட்டவர்களிடம் "பைக் ரேலி போயிட்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். போக வர 450 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டியவனுக்கு முட்டி வலித்தால் அது கௌரவமான வலி. இது வண்டி மேல் உட்கார்ந்து வந்த வலி இல்லை, வண்டிக்குப் பக்கத்தில் நாலரை மணி நேரம் மண்டி போட்டதால் வந்த வலி என்பது நமக்குள் இருக்கட்டும்.

எல்லாம் போன வருடம் ஏலகிரி ரேலிக் கூட்டத்தில் விட்ட வாய். யாரோ ஒரு தம்பியின் வண்டி பஞ்சராகி, அதைக் குட்டியானையில் ஏற்றி ஜோலார்பேட்டைக்கு அனுப்பினார்கள். ராத்திரி நெருப்பு மூட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு டயரைக் கழட்டி மாட்டத் தெரியாதவன் எல்லாம் எதுக்குய்யா புல்லட் ஓட்டணும்?" என்று கேட்டுவிட்டேன். அப்போது எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் என் மச்சானும் ஒருத்தன். மற்றவர்கள் மறுநாளே மறந்துவிட்டார்கள், இவன் ஒரு வருடமாக அதை அடைகாத்து வந்திருக்கிறான்.

இந்த வருடம் என் பின் டயர் மொட்டை. தலையும் டயரும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தன, கடைசியில் டயர் முந்திவிட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புது டயரும் டியூபும் வாங்கினேன். மாட்டித் தர 150 ரூபாய் தனி என்றார்கள். பக்கத்தில் நின்ற மச்சான், "மாமா எதுக்குக் கடையில மாட்டணும், மாமாதான் ஏலகிரியில எல்லார் முன்னாடியும் மாட்டிக் காட்டப் போறாரே" என்றான். சாயங்காலத்துக்குள் அறுபது பேருக்குச் செய்தி போய்விட்டது.

வீட்டு அம்மணி இந்த முறை வருவதாக இருந்தது. பின் சீட்டில் டயரைக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "மூத்தாளுக்குப் புது வளையல் வாங்கிட்டுப் போறீங்க, நடுவுல நான் எதுக்கு" என்று உள்ளே போய்விட்டாள். (மூத்தாள் என்பது வண்டி. கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்னால் வாங்கியது.) போன வேகத்தில் பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டு வந்து பையில் போட்டாள். டியூபுக்குப் பவுடர் தூவினால் டயருக்குள் ஒட்டாமல் நழுவி உட்காரும் என்று முந்தின நாள் நான் பாடம் எடுத்ததைக் காதில் வாங்கியிருக்கிறாள். "நம்ம பஞ்சர் கடை அண்ணனே பத்து நிமிஷத்துல மாட்டிடுவாரே?" என்றும் கேட்டாள். அதைக் காதில் வாங்காமல் கிளம்பினேன். கிளம்பும்போது தெருமுனை வழியாகப் போகவில்லை. பதினெட்டு வருடமாக நமக்குப் பஞ்சர் ஒட்டும் மனிதர், பின் சீட்டில் புது டயரோடு போகிறவனைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கடன்காரனுக்குப் பயந்தவன் மாதிரி பின்தெரு வழியாகப் போய் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறினேன்.

ஆயுதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் லிவர் (டயரை நெம்பி எடுக்கிற கம்பி) மூன்றும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை, மூன்றும் சேர்த்து 120 ரூபாய். பழைய கால இரும்பு சார், இப்பெல்லாம் இப்படி வராது என்று சொல்லித்தான் விற்றவர் கொடுத்தார். உண்மைதான், அதில் ஒன்று எந்தக் காலத்திலும் டயர் லிவராக இருந்ததில்லை. கட்டில் சட்டமாகவோ ஜன்னல் கம்பியாகவோ இருந்து ஓய்வு பெற்றது என்று பிறகுதான் தெரிந்தது.

ஏலகிரிக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பாரதியார், கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் முடிந்ததும் கடையெழு வள்ளல்கள் வந்துவிடுவார்கள். மொட்டை டயரில் ஏறுகிறவனுக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு தமிழ்த் தேர்வு. பாரியில் லேசாக வழுக்கியது. முல்லைக்குத் தேரையே கொடுத்தவர், போகட்டும் என்று விட்டுவிட்டார்.

நாலு மணிக்கு அத்தனாவூர் மைதானத்தில் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, தார்ப்பாயை விரித்து, லிவர்களை வரிசையாக அடுக்கினேன். ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருந்தது. சுற்றிப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேருக்கும் டயர் மாற்றத் தெரியும், ஒருத்தர் கையிலும் அழுக்கு இல்லை. "காத்த எறக்கிட்டீங்களாண்ணே?" என்று சேலத்துக்காரர். "ஏனுங்க, அந்த நட்டை அப்படியே விட்டுட்டீங்களே" என்று கோயம்புத்தூர் அண்ணன். மச்சான் மட்டும் எதுவும் சொல்லவில்லை. நாற்காலி கொண்டு வந்து போட்டு உட்கார்ந்துவிட்டான்.

சக்கரத்தைக் கழற்றுவதுவரை நான் ராஜா. ஆக்ஸிலை உருவி, வண்டியை ஒருவர் சாய்த்துப் பிடிக்க, செயின் பக்கத்து டிரம்மை அப்படியே விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் இழுத்தேன், வந்துவிட்டது. கைதட்டல்கூடக் கிடைத்தது. அந்தக் கைதட்டலில் புஷ் என்கிற சின்ன உலோக வளையம் ஒன்று கீழே விழுந்து, சரிவில் உருண்டு, யாரோ ஒருவருடைய கூடாரத்துக்குள் போனது. அதைத் தேடி உள்ளே போய் நான் பார்த்த காட்சிகள் வேறு பதிவுக்கு.

பிறகு டயரை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும். காற்றை இறக்கினால் மட்டும் பிரிந்துவிடாது. பல வருடமாக ஒட்டிக் கிடக்கிற சம்பந்தம் அது. ஏறி நின்றேன், குதித்தேன், சேலத்துக்காரரையும் ஏறிக் குதிக்கச் சொன்னேன். டயர் அசையவில்லை. அப்போதுதான் எங்கள் கூட்டத்தில் நிரந்தரமாக இருக்கும் வரலாற்று வாத்தியார் வந்து சேர்ந்தார். காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். டன்லப், 1888, பெல்ஃபாஸ்ட், மனுஷன் கால்நடை மருத்துவர், பையனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்குகிறது என்று செய்தது. "ஆனா 1845லயே தாம்சன்னு ஒருத்தர் பேட்டன்ட் வாங்கிட்டார். அது யாருக்கும் தெரியாது." சார், இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க என்றேன். சட்டை வெள்ளை என்றார். அந்த டன்லப்பின் பையன் குலுங்கினால் குலுங்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டியிருந்தால் இன்றைக்கு எனக்கு இந்த நிலைமை வந்திருக்குமா?

காப்பாற்றியது பாண்டிச்சேரியிலிருந்து தனியாக ஓட்டி வந்திருந்த ஒரு பெண். அரை மணி நேரம் தூரத்தில் நின்று டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். டீ முடிந்ததும் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் சைடு ஸ்டாண்டைச் சரியாக என் டயர் விளிம்பில் ஊன்றி, வண்டியைக் கொஞ்சம் சாய்த்தாள். டொப். பிரிந்துவிட்டது. "அங்கிள், லிவர் போடறப்போ எதிர்ப்பக்கத்தை முட்டியால அமுக்கி ரிம் பள்ளத்துல இறக்கி வைங்க. அப்பத்தான் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். பலத்துல வராது" என்றாள். விஷயம் முழுக்க இவ்வளவுதான். சைக்கிள் கடைப் பையன் முதல் லாரி டயர் மாற்றுகிறவர் வரை இதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். எனக்கு அந்த 'அங்கிள்' மட்டும்தான் காதில் நின்றது. மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்து போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

பழசு வந்துவிட்டது, இனிப் புதுசுதானே என்று நினைத்தேன். ரிசார்ட் சமையல்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சோப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்து டயர் விளிம்பில் தடவி, அம்மணியின் பவுடரை டியூபில் தூவி (மல்லிகை வாசனை, ஏலகிரியில் என் டயர் மட்டும் கல்யாண வீடு மாதிரி மணத்தது), முட்டியால் அமுக்கி, லிவர் போட்டு, கடைசி ஒரு சாண் மட்டும் பாக்கி. அந்த ஒரு சாணில்தான் மனிதனுடைய குணம் தெரியும். பொறுமைசாலி இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடுவான். நான் அந்தக் கட்டில் சட்டத்தைச் சொருகி ஒரே நெம்பு. உட்கார்ந்துவிட்டது. பம்பை மிதித்தேன். இருநூறு மிதி மிதித்திருப்பேன். காற்று ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. கழற்றிப் பார்த்தால் புது டியூபில் இரண்டு பல் பதிந்த ஓட்டை. கடித்தது பாம்பு இல்லை, பல்லாவரம் சந்தை.

ஒட்டுப் போட்டேன். உரசி, சொல்யூஷன் தடவி, அது காய்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் அந்தப் பொறுமை வேண்டுமே. பிய்ந்து வந்தது. இன்னொரு முறை. அதற்குள் ஸ்லோ ரேஸ் முடிந்திருந்தது. இந்த வருடம் ஜெயிப்பேன் என்று தெருவில் மூன்று மாதமாக நடை வேகத்தில் ஓட்டிப் பழகி, பால்காரர் என்னை மிஞ்சிப் போகும் அளவுக்குத் தயாராகியிருந்தேன். குரூப் போட்டோ எடுத்தார்கள். அதில் நான் இருக்கிறேன், பின்னால், தார்ப்பாய் மேல், மண்டி போட்டபடி, முகம் தவிர மற்றதெல்லாம் கேமராவைப் பார்த்தபடி. ஆம்பூரிலிருந்து அண்டாவில் பிரியாணி வந்து இறங்கிய வாசனையும் மல்லிகைப் பவுடரைத் தாண்டி வந்தது. போக முடியாது, கை முழுக்கக் கிரீஸ்.

எட்டு மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். பழைய டியூபையே எடுத்து, அதில் ஏற்கெனவே இருந்த ஐந்து ஒட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, புது டயருக்குள் திணித்தேன். பட்டு வேட்டிக்குள் பழைய கோவணம். மின்விளக்கு அணைந்துவிட்டது, இருந்த ஒரே டார்ச்சை மச்சான் பிடித்துக்கொண்டிருந்தான், அதையும் பாதி நேரம் என் முகத்தில் அடித்தான். மலையைத் தாண்டினால் காவலூர், அங்கே 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த தொலைநோக்கியால் எங்கேயோ இருக்கிற நட்சத்திரத்தைத் துல்லியமாகப் பார்க்கிறார்கள். இங்கே ஒரு முழத்தில் இருக்கிற டயரில், அது எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டுகிற அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று பார்க்க வெளிச்சம் இல்லை. அம்புக்குறி என்று ஒன்று இருப்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்திருந்தால்தானே.

எட்டரைக்கு முடித்தேன். பிரியாணி அண்டாவில் கத்தரிக்காய் மட்டும் இருந்தது. கத்தரிக்காயைச் சாப்பிட்டுக்கொண்டே அம்மணிக்குப் போன் போட்டு இருபது நிமிடம் பேசினேன். எப்படிக் கழற்றினேன், எப்படிக் கடித்தது, எப்படி விடாமல் மாட்டினேன் என்று எல்லாம் சொன்னேன். பாண்டிச்சேரிப் பெண்ணை மட்டும் விட்டுவிட்டேன். அம்மணி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சாப்டீங்களா?" என்றாள். பிரியாணி என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது பதினான்கு வளைவிலும் மாட்டு வண்டி வேகம். வாணியம்பாடி தாண்டியதும் தைரியம் வந்தது. பின்னால் லேசாக ஓர் ஆட்டம், யானை நடக்கிற மாதிரி. புது டயர் அப்படித்தான் இருக்கும் என்று மச்சானிடம் சொன்னேன். வீடு வந்து சேர்ந்துவிட்டேன் அல்லவா, அதுதான் முக்கியம்.

நேற்று சாயங்காலம் அம்மணியை ஏற்றிக்கொண்டு காய்கறி வாங்கப் போனால் காற்று குறைந்திருந்தது. தெருமுனையில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. பஞ்சர் கடை அண்ணன் பைப்பைக் கையில் எடுத்தவர், அடிக்காமல் குனிந்து சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினார். பைப்பைக் கீழே வைத்தார்.

"எங்க சார் மாட்டினீங்க இதை?"

"ஏலகிரியில... ஒரு கடையில."

"கடையா? அம்புக்குறி பின்னாடி பாக்குது. டியூப் மூக்கு சாஞ்சு கெடக்கு. இந்தப் பக்கம் பார்டர் உள்ள போயிருக்கு, அந்தப் பக்கம் வெளிய நிக்குது. ரிம்மைப் பாருங்க, கடப்பாரை போட்டு நோண்டியிருக்கான். எவ்ளோ வாங்கினான்?"

"நூத்தம்பது."

"நூத்தம்பதா! இவனுங்களால எங்களுக்கும் சேத்துக் கெட்ட பேரு சார்."

"ஆமாண்ணே, வாய் மட்டும்தான். தொழில் தெரியல" என்று நானும் சேர்ந்து திட்டினேன். திட்டத் திட்ட எனக்கே அந்தக் கடைக்காரன் மேல் உண்மையான கோபம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கூடச் சொல்லியிருப்பேன். அண்ணன் அதற்குள் சக்கரத்தைக் கழற்றி, லிவரை விரல் மாதிரி உள்ளே விட்டு, ஒரே சுற்றில் டயரை உருவிவிட்டார். உள்ளேயிருந்து பழைய டியூபும் மல்லிகை வாசனையும் வந்தன. அவர் டியூபை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எதிர் வீட்டு மாடியைப் பார்த்தேன்.

அதுவரை காய்கறிப் பையைப் பிடித்தபடி பேசாமல் நின்ற அம்மணி சொன்னாள். "ரொம்பத் திட்டாதீங்கண்ணே. ராத்திரி எட்டரை வரைக்கும் சோறுகூடத் தின்னாம மாட்டினானாம். இப்பத்தான் கத்துக்கறான் போல, பாவம்."

"கத்துக்கறவன் அவன் வண்டியில கத்துக்கணும்மா. அடுத்தவன் வண்டியிலயா கத்துக்கறது?"

"அதுவும் சரிதான்" என்றாள்.