கையெழுத்து

டிசம்பர் 14, 2020
ஜனவரியில் நடக்கும் ஜார்ஜியாவின் இரண்டாம் சுற்று செனட் தேர்தலுக்கான தபால் ஓட்டை அட்லாண்டா பக்கத்து டெகேட்டரில் பெட்டிக்குள் போட்டாயிற்று. போட்ட கையோடு கவலையும் வந்துவிட்டது. கவரில் போட்ட கையெழுத்து அவர்களிடம் இருக்கும் கையெழுத்தோடு சேருமா? என் பெயரின் கடைசிக் கோடு சில நாள் மேலே போகும், சில நாள் கீழே இறங்கும். நவம்பரிலும் இதே கதைதான்.

வரும் வழியில் பழைய கோர்ட்டு வாசலைப் பார்த்தேன். உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காக நின்ற தென்மாநிலங்களுக்கு, கான்ஃபெடரேட்டுக்கு, 1908இல் நட்ட கல்தூணை ஜூனில் ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிப்போன இடம் அப்படியே காலியாகக் கிடக்கிறது.

இன்று ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் ஜார்ஜியாவின் தேர்வாளர்கள் 16 பேரும் பைடனுக்குப் போட்டார்கள். மாநிலத்தில் வித்தியாசம் 11,779. அதில் ஒன்று என்னுடையது என்று அம்மாவிடம் சொன்னேன். "சரி மக்ளே, சாப்பிட்டியா?"

டிசம்பர் 16
வாக்காளர் இணையப் பக்கத்தில் என் ஓட்டைப் பற்றி ஒன்றும் வரவில்லை.

டிசம்பர் 20
ஜூமில் ஜெபக்கூட்டம். தேவன் ஏற்படுத்திய டிரம்ப்பின் ஆட்சியைச் சத்துரு பறிக்காதபடிக்கு என்று எங்கள் ஜெபக்குழு அண்ணாச்சி கண்ணீரோடு ஜெபித்தார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். நான் மியூட்டில் இருந்தேன். மியூட்டில் இருந்ததும் ஒரு ஆமென்தானா என்று யோசித்துக்கொண்டே மீன் கழுவினேன்.

கெட்ட மனிதர் என்று எழுத மனம் வரவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர். தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி அவர் பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். நம் பாட்டிகள் மார்பை மூடுவதற்கு அடி வாங்கினார்கள், 1859இல்தான் திருவிதாங்கூர் ராஜா இறங்கிவந்தார் என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதே வாய்தான் கறுப்பினத்தார் அதிகம் இருக்கும் தெற்கு டிகேப் பக்கம் வீடு பார்க்கப் போனபோது, "அந்த ஏரியா வேண்டாம் தங்கச்சி, அங்கே எல்லாம் அவங்கதான்" என்றது.

நாங்கள் கேட்டுக்கொண்டோம். இதையும் எழுதிவைக்க வேண்டும். வீடு வாங்கியது வேறு பக்கம். என் கல்யாணத்துக்கும் சபை பார்த்து, அதற்குள் ஜாதி பார்த்துத்தான் மாப்பிள்ளை தேடினார்கள். அன்றைக்கும் நான் மியூட்டில்தான் இருந்தேன்.

டிசம்பர் 22
கோடு கீழே இறங்கித்தான் போட்டேன். இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது.

டிசம்பர் 24
கேக் அடியில் பிடித்துவிட்டது.

1959இல் மார்ட்டின் லூதர் கிங் கன்னியாகுமரிக்கு வந்திருக்கிறார். ஒரு பக்கம் சூரியன் இறங்க, எதிர்ப்பக்கம் நிலா எழும்பியதைப் பார்த்துவிட்டு, ஊருக்குத் திரும்பிப் பிரசங்கத்தில் சொன்னார். அப்போது அம்மாவுக்குப் பதினோரு வயது. "ஒண்ணும் தெரியாது மக்ளே, நம்ம ஊருக்கு யார் யாரோ வருவா."

இன்னொன்றும் கிங் சொன்னதுதான். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று பிள்ளைகளிடம் அறிமுகப்படுத்தினாராம். முதலில் அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கிறது. யோசித்துப் பார்த்து, ஆமாம், அதுதான் நான் என்று ஒப்புக்கொண்டாராம். 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தன் சபையான எபனேசர் பாப்டிஸ்ட் ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் இதைச் சொன்னார். இன்று அதே பீடத்தின் போதகர் வார்னாக்தான் செனட்டுக்கு நிற்கிறார். அண்ணாச்சிக்கு அவர் "போதகர் வேஷம் போட்ட கம்யூனிஸ்ட்".

டிசம்பர் 29
ஏற்றுக்கொண்டார்கள்!!

ஜனவரி 3, 2021
ஜனாதிபதி டிரம்ப் தேர்தல் பொறுப்பிலுள்ள நம் மாநிலச் செயலாளருக்குப் போன் போட்டு 11,780 ஓட்டு கண்டுபிடிக்கச் சொன்ன பதிவு வெளியாகியிருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். என் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற நாட்டில் இது.

அம்மா போனில் இருமுகிறாள். பனிதான் என்கிறாள். கவலைப்பட்டால், "பொறு மக்ளே, கர்த்தருக்குக் காத்திருக்கணும்." இந்தப் 'பொறு' என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. 1963இல் பர்மிங்காம் சிறையிலிருந்து கிங் எழுதிய கடிதம் எட்டு வெள்ளைக்கார மதத்தலைவர்களுக்குப் பதில். அவர்களும் அடிக்கச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஜனவரி 5
வீட்டுக்காரர் நேரில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். வரிசையே இல்லையாம். எனக்கு அதுவும் பயமாக இருந்தது.

ஜனவரி 6
விடிகாலை. வார்னாக் ஜெயித்துவிட்டார். ஜார்ஜியாவிலிருந்து முதல் கறுப்பின செனட்டர். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது. ஒரு காலத்தில் அடுத்தவன் பருத்தியைப் பறித்த 82 வயதுக் கைகள் இப்போது மகனுக்கு ஓட்டுப் போட்டன என்று தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். ஊருக்குப் போன் போட்டேன். அம்மா இதை மட்டும் இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ராத்திரி. மத்தியானத்திலிருந்து டிவி முன்னால்தான் இருக்கிறேன். வாஷிங்டனில் டிரம்ப்பின் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடமான கேபிடலுக்குள் புகுந்துவிட்டது. சிலுவை, தூக்குமரம், கேபிடலுக்குள்ளேயே கான்ஃபெடரேட் கொடி. கூட்டத்தில் ஒரு பலகை: இயேசு இரட்சிக்கிறார். எங்கள் ஊர் மதில்களில் எழுதியிருக்கும் அதே வாசகம். சின்ன வயதில் நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் வாசகம் அது. இன்னொரு செனட் இடத்துக்கு நின்ற ஓசாஃபும் ஜெயித்துவிட்டாராம், கொண்டாட ஆளில்லை.

ஜனவரி 7
ஜெபிக்கவில்லை.

ஜனவரி 10
அண்ணாச்சி இன்று வாஷிங்டனைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் கொரோனாவுக்காக மட்டும் ஜெபித்தார். நான் மியூட்டை எடுத்தேன். கொடியையும் சிலுவையையும் சொல்லி, நாங்கள் வீடு வாங்கிய கதையையும் சொல்லி, மன்னியும் என்றேன். யாருடைய வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஆமென் ஒன்றே ஒன்று, அதுவும் தாமதமாக. ஒரு பெண்குரல், யாரென்று தெரியவில்லை.

அப்புறம் அண்ணாச்சி தனியாகக் கூப்பிட்டார். "ஆவேசப்படாதே தங்கச்சி. கொஞ்சம் பொறு."

ஜனவரி 18
கிங் தினம். எபனேசர் ஆலயம் இருக்கும் ஆபர்ன் அவென்யூ வரை காரில் போனோம். எபனேசர் மார்ச்சிலிருந்தே ஆன்லைன்தான். 1974இல் கிங்குடைய அம்மாவை ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றது அந்தப் பழைய ஆலயத்துக்குள்தான். மகனைக் கொன்று ஆறு வருஷம் கழித்து. அந்த ஆறு வருஷமும் அவர் அங்கேயே வந்துகொண்டிருந்திருக்கிறார். இதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. காரிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜனவரி 19
அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. தம்பி காலையில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறான். வார்னாக் நாளை பதவியேற்கிறார். பார்த்தால் பார்ப்பேன்.