கல்லில் எழுதிய நகைப்பெட்டி

அம்மாவிடம் கோடு போட்ட பழைய நோட்டு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்ட நகை ஒவ்வொன்றும் அதில் தாத்தாவின் கையெழுத்தில் உண்டு. 'கல் அட்டிகை, அரக்கு உட்பட இவ்வளவு, உள்ளே அடைத்த அரக்கு போக இவ்வளவு' என்று. போன மாசியில் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். விமானத்தை அண்ணாந்து பார்க்கக்கூட விடாமல் நேரே அதன் அடிப்பகுதிக்கு இழுத்துப் போனதற்குக் காரணம் அந்த நோட்டுதான். அங்கே கல்வெட்டிலும் அதே மாதிரி ஒரு நகைக் கணக்கு இருக்கிறது.

மாலை நான்கு மணிக்கு மேல் போவது நல்லது. வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்தின் வெட்டு நிழலோடு எழுந்து நிற்கும், தரையும் கால் வைக்கிற சூட்டுக்கு இறங்கியிருக்கும். புள்ளி கிடையாது. கால் வாங்கியதா, 'ர'வா என்று தெரியாது. முதலில் திகைப்பாக இருக்கும். நான் கல்வெட்டில் உள்ள வாசகத்தைப் பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன்.

இராசராசன் தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாளில் இட்ட ஆணை அங்கே இருக்கிறது. 'நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' கல்லிலே வெட்டச் சொல்கிறான். தனக்கு அடுத்து அக்கன், அதற்குப் பிறகுதான் மனைவியர். அக்கன் என்றால் குந்தவை. எத்தனை முறை படித்தாலும் அந்த ஒற்றைச் சொல்லில் என் தொண்டை அடைக்கும். பேரரசனின் ஆணைக்குள் ஒரு தம்பி பேசுகிறான்.

குந்தவை செப்புத் திருமேனிகள் எடுப்பித்துத் தந்திருக்கிறாள். தேவியின் வடிவங்களோடு, பொன்மாளிகைத் துஞ்சின தேவர் (பொன்மாளிகையில் இறந்தவர்) எனப்பட்ட தன் அப்பா சுந்தர சோழனுக்கும், தன் அம்மாவுக்கும் திருமேனிகள். மனைவியரும் தந்தார்கள். உலோகமாதேவி பிச்சை ஏற்கும் சிவனான பிச்சதேவரை எடுப்பித்தாள், அபிமானவல்லி இலிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவனான இலிங்கபுராணதேவரை. இவற்றில் தேவியருக்குப் போட்ட நகைகள்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. அரசிகள் தாங்கள் அணிந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்று கல்வெட்டு சொல்லவில்லை, தெய்வத்துக்குச் செய்து போட்டவை. ஆனால் தாலி, தோடு, வாளி, மோதிரம், கைக்காறை, பாதக்காறை, இடுப்புக்குப் பட்டிகை, கழுத்துக்கு ஒற்றைச் சரமான ஏகாவல்லி என்று வரும் பெயர்கள் வீட்டுப் பெண்களின் பெட்டியில் இருந்த பெயர்கள்தான்.

"வாளியா? எங்க ஆச்சி மேக்காதுல போட்டிருந்தாளே" என்றாள் அம்மா. காறை எங்கே போனது என்று கேட்டாள். அவள் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே இருந்த எலும்பைத் தொட்டுக் காட்டினேன். நகை கழுத்தை விட்டுப் போய்விட்டது, காறை எலும்பு என்ற பெயர் உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நகைகளை எடை போட்ட விதத்தைத்தான் முழுசாகச் சொல்ல வேண்டும். பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்று ஒரு எடைக்கல், மணிகள் பதித்த நகைகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்று இன்னொரு எடைக்கல். இரண்டும் இந்தக் கோயில் இறைவனின் பெயர்கள். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சு இன்றைய கணக்கில் சுமார் 5 கிராம். சரடு, சட்டம், அரக்கு, பிஞ்சு உட்பட நிறை இத்தனை, விலை இத்தனை காசு என்று நகைக்கு நகை முடிகிறது. அந்த 'அரக்கும்' என்ற இடத்தை அம்மாவே கண்டுபிடித்தாள். விரலை எடுக்கவே இல்லை.

முத்துக்களை மட்டும் எத்தனை வகையாகப் பிரித்திருக்கிறார்கள்! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்போளம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். நீர் என்றால் முத்தின் ஒளி. வைரங்களில் முறிந்தது, பொரிவு உள்ளது, வெந்தது, காகபிந்து என்னும் கரும்புள்ளி விழுந்தது என ஒன்றையும் மறைக்கவில்லை. கடவுளுக்கும் அரசிக்கும் நடுவிலான கொடையில் குறையை எழுதி வைக்கும் துணிவு எனக்குப் பெரிய மரியாதையாகப் படுகிறது. நாளைக்கு எவரும் நல்ல கல்லை எடுத்துவிட்டு மட்டக்கல்லைப் பதிக்க முடியாது, பட்டியல் சுவரில் நிற்கிறது. பட்டியல் நின்றது, நகைகள் நிற்கவில்லை. சுவரில் உள்ள பெயர்களைக் கொண்டு நாம் கற்பனைதான் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு உதவியாக மறுநாள் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். திருவெண்காட்டிலிருந்து வந்த வெண்கலத் திருமேனிகளான ரிஷபவாகனரும் (காளையை வாகனமாகக் கொண்ட சிவன்) தேவியும் அங்கே நிற்கிறார்கள். அவர் 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர், தேவி 1012. பெரிய கோயிலில் மேலே சொன்ன பட்டியலை வெட்டிய அதே காலம். உடை என்று பார்த்தால் இடுப்புக்குக் கீழே தொடையோடு ஒட்டிய மெல்லிய துணி, அவ்வளவுதான். மேலே நகைதான் உடை. கழுத்தில் அடுக்கடுக்காக, மார்பின் நடுவே இறங்கும் சரம், தோளில் வளை, இடையில் பட்டிகை. பட்டிகை எவ்வளவு முக்கியமான நகை என்பது அங்கேதான் புரிந்தது. துணியைப் பிடித்து நிறுத்துவதும் அது, முன்பக்கம் தொங்கும் குஞ்சங்களால் நடைக்கு அழகு சேர்ப்பதும் அது. ஒட்டியாணம் கட்டிப் பழகிய அம்மாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தேவிக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றிருப்போம். மற்றவர்கள் நடராசரைத் தேடி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். அம்மா கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒவ்வொன்றாகச் சுட்டி, நேற்று கல்லில் படித்த பெயரைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஏகாவல்லி. கைக்காறை. பட்டிகை. பாதக்காறை. ஓர் இடத்தில் நிறுத்தி, "இது முத்தா, மணியா?" என்று கேட்டாள். வெண்கலத்தில் இரண்டும் ஒரே உருண்டைதான். குனிந்து குனிந்து பார்த்தோம், தெரியவில்லை.